தண்ணீர் கலக்காத வரலாறு

“என் தம்பிக்கு ஜாமீன் குடுங்க, ஹாலிஸ் ஐயா.”

கேட்கவே கூடாது என்று சொல்லியிருந்ததை நான் கேட்டுவிட்டேன். வேலையில் சேர்ந்த அன்றே, வீட்டு விவகாரத்தை அலுவலகப் படியேற்றக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அன்று காலையில்கூட அம்மா காரை நிறுத்திவிட்டு, இறங்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காதே, குடும்பத்திலேயே முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் நீ, கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினாள். படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. கல்லூரியில் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

ஹாலிஸ் டாக்கெட் கோபப்படவில்லை. மேசைக்குப் பின்னால் அவருக்கு இரண்டு நாற்காலிகள். கறுப்புத் தோல் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் ப்ரையர் மாவட்டத்தின் அரசு வக்கீல். பழைய பீப்பாய்ப் பலகையில் செய்த நாற்காலியில் உட்கார்ந்தால் மதுவிலக்குக்காலப் பாரம்பரிய ஆணையத்தின் தலைவர். அப்போது அவர் பலகை நாற்காலியில் இருந்தார்.

“இதை நீ வக்கீல்கிட்ட கேக்கணும் கண்ணு,” என்றார். எழுந்து கறுப்பு நாற்காலிக்கு மாறினார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். “குற்றவாளியோட குடும்பத்தார்கிட்ட நான் பேசக் கூடாது. சட்டம்.” மறுபடி பலகை நாற்காலிக்கு வந்தார். “கேட்டியா, வக்கீல் முடியாதுன்னுட்டார். எனக்கும் வருத்தம்தான்.”

அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

எங்கள் மாவட்டத்தில் மதுவிலக்கு. கென்டக்கியில் இன்னும் சில இடங்களில் அப்படித்தான்; நாடு என்றைக்கோ கைவிட்ட சட்டத்தை நாங்கள் விடவில்லை. ஆனால் ஓடைக்கரையில் சாராய ஆலை இருக்கிறது. அங்கே சோளத்தைக் காய்ச்சலாம். உட்புறம் கருக்கிய ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வருஷக்கணக்கில் ஊறவிடலாம். போத்தலில் அடைத்து டோக்கியோவுக்கு அனுப்பலாம். உள்ளூர்க்காரன் ஒருவனுக்கு ஒரு போத்தல் விற்றால் மட்டும் குற்றம். மூன்றாவது தடவை விற்று மாட்டினால் மாநிலச் சிறை.

ஆலையின் பெருமைமிக்க போர்பன் விஸ்கிக்குப் பெயர் ‘ஏசா மெஸ்ஸர்’. ஒரு தடவைக்குச் சில பீப்பாய்கள்தான். பீப்பாயிலிருந்து இறங்கிய வீரியம் அப்படியே, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் அடைப்பார்கள். வாயில் வைத்தால் காது வரை எரியும். ஏசா என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த காலத்தில் பால் கேன்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர். போத்தலின் மேல் அவருடைய மீசை இருக்கிறது. என் பெயர் டாபிதா மெஸ்ஸர். வரலாறு படித்தவள். ஆணையத்துக்காகப் போத்தலின் பின்பக்கத்துக் கதையை எழுதுவதுதான் என் வேலை.

நான் எழுதிய கதையில் ஏசா பிடிபட்டு, நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கிற கல் சிறையில் இரண்டாவது குளிர்காலத்தில் நுரையீரல் காய்ச்சல் வந்து செத்தார். அதுதான் நடந்தது. ஆணையம் அந்த வரியை மூன்று கூட்டங்களில் விவாதித்தது. காய்ச்சல் என்ற சொல் சுவைக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர் சொன்னார். கடைசியில் ஏசா காவலாளியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மூடுபனிக்குள் மறைந்தார் என்று போட்டார்கள். அதற்கு அடியில் ‘தண்ணீர் கலக்காத சரக்கு, தண்ணீர் கலக்காத வரலாறு’ என்று பொன்னெழுத்தில்.

ஆணையத்தின் கூட்டம் ஜெபத்தில் தொடங்கும். பிறகு ஏசாவுக்காக ஒரு நிமிட மௌனம். பிறகு எல்லோருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு விரற்கடை ஊற்றுவார்கள். அரசுக் கட்டடத்துக்குள் குடிக்கக் கூடாது என்பதால் யாரும் குடிப்பதில்லை. மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். வெல்லம், புகையிலை, பழைய சேணம் என்று ஒவ்வொருவரும் முணுமுணுப்பார்கள். ஒருவர் எப்போதும் தியாகம் என்பார். பிறகு கிண்ணங்களைத் தோட்டத்து ரோஜாச் செடிக்குக் கீழே கவிழ்த்துவிட்டுத் தீர்மானங்களை எடுப்பார்கள். அந்தச் செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது. அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

மாவட்டத்தில் மதுவிலக்கை எடுத்துவிடலாமா என்று இரண்டு வருஷம் முன்பு வாக்கெடுப்பு வந்தது. எடுக்கக் கூடாது என்று தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தது ஆணையம்தான். தேவாலயத்து வாசலில் ஹாலிஸ் ஐயா பேசியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் அதைத் தட்டச்சு செய்தவள் நான். “கடை திறந்தா என்ன ஆகும்? யார் வேணும்னாலும் போய் வாங்கிக்குவான். அப்புறம் கடத்தல் எங்கே, துணிச்சல் எங்கே, ஏசா எங்கே? இந்த மண்ணோட சொத்து சாராயம் இல்லீங்க. தாகம். அதை நாம காப்பாத்தணும்.” கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தாகம் காப்பாற்றப்பட்டது.

என் தம்பி கோல்பி அந்தத் தாகத்தைத்தான் நம்பியிருந்தான். மரம் அறுக்கும் ஆலை மூடியதிலிருந்து பாலத்துக்கு அப்பால் பக்கத்து மாவட்டத்தில் போத்தல் வாங்கி வந்து, வண்டியின் பின்னால் வைத்து இங்கே விற்றான். வாங்கியவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டினான். மூன்றாவது தடவை, ஜூலையில், சாராய ஆலையைச் சுற்றிப்பார்க்க வந்து ஒரு போத்தல்கூட வாங்க முடியாமல் வெயிலில் விழித்துக்கொண்டிருந்த ஒஹையோக்காரர் ஒருவருக்கு ‘ஏசா மெஸ்ஸர்’ ஒன்றை நீட்டும்போது ஷெரிஃப் ஸ்பர்லாக் வந்து நின்றார். தன் குடும்பப் பெயர் ஒட்டிய போத்தலை விற்றதற்காக என் தம்பி கைதானான். ஷெரிஃப் ஆணையத்தின் துணைத்தலைவரும்கூட. கைது செய்யும்போது போத்தலின் மீசை தெரிகிற மாதிரி பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாராம்.

அவனைக் கொண்டுபோய் அடைத்தது அதே கல் சிறையில்தான். ஆனால் அங்கே இடம் இல்லை. ஆணையம் இரண்டு வருஷங்களாக அந்த அறைகளில் பீப்பாய்களை அடுக்கியிருந்தது. சிறைக்குள் முதிர்ந்த போர்பனுக்கு அடங்கிய கோபம் போன்ற ஒரு பின்சுவை உண்டு என்று லூயிவிலிலிருந்து வந்த நிபுணர் எழுதிக்கொடுத்திருந்தார். ஒவ்வொரு கம்பிக்கதவுக்கும் பின்னால் பீப்பாய்கள், அவற்றுக்குக் கைதி எண்கள். மனிதர்களுக்கு என்று கடைசியில் ஒரே ஓர் அறை மிஞ்சியிருந்தது.

பீப்பாய்களைப் பார்க்க தினமும் பார்வையாளர்கள் வந்தார்கள். கோல்பியைப் பார்க்க எனக்கு வாரம் ஒருமுறைதான் அனுமதி. ஆகஸ்ட் வெக்கையில் அவனுக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். ஆலையின் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். கோடையில் சூடு ஏறினால்தான் சரக்கு மரத்துக்குள் இறங்குமாம், குளிர்ந்தால்தான் வெளியே வருமாம். விசிறி போட்டால் மரம் குழம்பிப்போகும் என்றார். மரம் குழம்பக் கூடாது என்பதற்காக என் தம்பி பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த வாரம் அவன் மேல் இன்னொரு வழக்கு வந்தது. காவலர் காலையில் போனபோது அவன் கண் சிவந்து, சுவரில் சாய்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தானாம். சோதித்ததில் மூச்சில் சாராயம். பூட்டிய அறைக்குள் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். ஒரு பீப்பாயும் ஒழுகவில்லை. பிறகுதான் நிபுணர் விளக்கினார்: பீப்பாயிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு பங்கு ஆவியாகிப் போகும், அதைத் தொழிலில் தேவதைகளின் பங்கு என்பார்கள், ஜன்னல் இல்லாத அறைக்குள் தேவதைகள் வர முடியாததால் அதைக் கைதி சுவாசித்திருக்கிறான்.

நான் மறுபடி ஹாலிஸ் ஐயாவின் அறைக்கு ஓடினேன். இந்தத் தடவை அவர் கறுப்பு நாற்காலியில் இருந்தார். மூச்சு விட்டது குற்றமா என்று கேட்டேன்.

“மூச்சு விட்டது குத்தம் இல்ல. உள்ளே இழுத்ததுதான்,” என்றார். “அது யாரோட பங்கு? தேவதைகளோடது. நான் தேவாலயத்துல பொறுப்புல இருக்கிறவன், கண்ணு. இதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியாது.”

செப்டம்பரில் கடத்தல்காரர் திருவிழா. வருஷாவருஷம் ஒரு நடிகர் ஏசா வேஷம் போட்டு, பழைய ஃபோர்டு காரில் பால் கேன்களோடு பாய்வார். ஷெரிஃப் வேஷத்தில் ஷெரிஃபே துரத்துவார். ஏசாவை விலங்கு மாட்டிக் கல் சிறைக்கு இழுத்துப்போகும்போது ஊரே ஊளையிடும். சோளரொட்டியைக் கடித்துக்கொண்டே குழந்தைகள் விரலைத் துப்பாக்கியாக நீட்டும். இந்த வருஷம் நடிகர் முந்தின நாள் குதிரையிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆணையம் அவசரமாகக் கூடி, முகர்ந்து, தீர்மானம் போட்டது. ஏசாவின் ரத்தமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதுவும் விலங்கோடு.

கோல்பியைக் கூட்டிவந்து கால்சட்டைக்குத் தோள்வார் மாட்டினார்கள். மீசை ஒட்டினார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஷெரிஃப் கேட்டார். அவன் வண்டி ஓட்டியதால்தான் உள்ளே இருக்கிறான் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவன் நன்றாகவே ஓட்டினான். நீதிமன்றத் திடலைச் சுற்றி மூன்று வட்டம் அடித்துத் தூசியைக் கிளப்பினான். தப்பிக்கலாம் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியிருக்கும், பாலத்துப் பக்கம் ஒரு தடவை திருப்பினான். பிறகு எதிரே நின்ற ஜனத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். நாடக விலங்கைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஷெரிஃப் இடுப்பிலிருந்த அசல் விலங்கையே மாட்டினார். சிகாகோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, எவ்வளவு தத்ரூபம் என்று கண்ணீர் விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜனங்கள் போத்தல் கேட்டார்கள். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போவதா என்று முணுமுணுப்பு. அப்போது ஹாலிஸ் ஐயா படிமேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்த மாவட்டத்தில் மது விற்பது பாவம், குற்றமும்கூட என்று தொடங்கினார். ஆனால் பாரம்பரியத்துக்கு நன்கொடை தருகிறவர்களுக்கு ஆணையம் தன் அன்பைத் தெரிவிக்கத் தடை எதுவும் இல்லை. சிறையின் முன்பக்கத்துக் கம்பி ஜன்னலில் நன்கொடையைப் போடுங்கள், அன்பு உள்ளேயிருந்து வரும் என்றார்.

உள்ளேயிருந்து அன்பை எடுத்து நீட்டியது கோல்பி. கையில் விலங்கு இருந்ததால் ஒவ்வொரு போத்தலையும் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான். பக்கத்தில் ஹாலிஸ் ஐயா தானே நின்று பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டார். நான் ஜன்னலுக்கு எதிரே, கையில் விளக்கக் குறிப்புகளோடு நின்றுகொண்டிருந்தேன். ஜூலையில் ஒஹையோக்காரர் வாங்கியதும் இதே போத்தல்தான். விலைகூட ஏறக்குறைய அதேதான். கோல்பி விற்றது கொஞ்சம் மலிவு.

மறுநாள் ஹாலிஸ் ஐயா என்னைக் கூப்பிட்டு, பலகை நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஆணையத்தின் திட்டத்தைச் சொன்னார். திருவிழாவுக்கு இவ்வளவு கூட்டம் எப்போதும் வந்ததில்லை. கோல்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும். மாநிலச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று வக்கீல் பரிந்துரைப்பார். தண்டனைக்காலம் முழுக்க இங்கேயே, கல் சிறையில், ஏசாவாக இருக்கலாம். காலையிலும் மாலையிலும் காட்சி. ஞாயிறு விடுமுறை. சாப்பாடு கூடுதல். மின்விசிறியைப் பற்றியும் மரத்திடம் பேசிப்பார்ப்பார்கள். எனக்கு இயக்குநர் பதவி.

“மாநிலச் சிறைக்குப் போனா அவன் ஒரு நம்பர். இங்கே இருந்தா அவன் பாரம்பரியம்,” என்றார். “ஒரு அக்காவா யோசி.”

அம்மா அழுதே சம்மதித்தாள். ஜெயில் என்றாலும் ஊருக்குள்ளேதானே, சனிக்கிழமை சூடான பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கண்ணால் பார்க்கலாம் என்றாள். வழக்காடித் தோற்றால் ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டும். காருக்கு அந்த வலு இல்லை. அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ராத்திரி என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வழக்காடு என்று நான் சொல்லி, அவன் உள்ளே போய்விட்டால், அம்மா என்னை மன்னிக்க மாட்டாள். சரி என்று சொன்னால் நான் தினமும் காலையில் அவன் கூண்டுக்கு முன்னால் நின்று சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்ல வேண்டும்.

பார்வை நாளில் கோல்பியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பீப்பாய் அறைகளைத் தாண்டி, கடைசி அறையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலுதட்டில் மீசைப் பசை இன்னும் போகவில்லை.

“நீ என்ன சொன்னே?” என்று கேட்டான்.

“ஒண்ணும் சொல்லல. உன் உடம்பு, உன் வருஷம். நீ சொல்லு.”

கொஞ்ச நேரம் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். “அன்னைக்கு எல்லாரும் கைதட்டினாங்கள்ல, நல்லா இருந்துச்சுக்கா. என் வாழ்க்கைல எனக்கு யாரும் கைதட்டினதில்ல. அதான் பயமா இருக்கு. ரெண்டு மாசம் இருந்தா எனக்கே பிடிச்சுப்போயிடும்.” பிறகு சொன்னான்: “ஜெயில் குடுக்கணும்னா ஜெயில் குடுக்கட்டும். கைதட்டு வேணாம். ஊர்க்காரங்க உட்கார்ற ஜூரி விசாரணையைக் கேளு.”

“ஜூரியில உட்காரப்போறதே உன்கிட்ட வாங்கினவங்கதான்டா.”

“தெரியும். நான் ஒருத்தர் பேரையும் சொல்லமாட்டேன். அவங்க என் மூஞ்சியைப் பார்த்துட்டு உள்ளே தள்ளணும், அவ்வளவுதான்.”

அவன் சொல்ல மாட்டான். ஆனால் ஜன்னலுக்கு எதிரே நின்றவள் நான்.

திட்டத்தை முடிவு செய்கிற கடைசிக் கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்திருந்தார்கள். ஏசா குடும்பத்தின் சார்பில் கௌரவ விருந்தினர். நல்ல உடை போட்டு, தலைமுடியைப் படிய வாரி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்தது. மௌனம் முடிந்தது. கிண்ணங்கள் வந்தன. அம்மாவுக்கும் ஒன்று கொடுத்து, குடிக்காமல் முகர வேண்டும் என்று ஷெரிஃப் காதோடு சொல்லிக்கொடுத்தார். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். என்ன தெரிகிறது என்று எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். சாராய வாடை என்றாள். எளிமை, எளிமை என்று பலர் தலையாட்டினார்கள்.

ஹாலிஸ் ஐயா எழுந்து பேசினார். குற்றத்தைத் தண்டிப்பது எந்த மாவட்டமும் செய்கிற வேலை, குற்றத்தைக் கொண்டாடுவதும் சில இடங்களில் நடக்கிறது, ஆனால் ஒரே ஆளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டும் செய்யத் தெரிந்த ஊர் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. குடும்பத்தின் சம்மதத்தைச் சொல்ல என்னை அழைத்தார்.

நான் எழுந்து நின்றேன்.

“சம்மதம் இல்ல,” என்றேன். “கோல்பி ஜூரி விசாரணை கேட்டுட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வக்கீல் ஒருத்தர் காலைலயே மனு குடுத்துட்டார். முதல் சாட்சி நான். திருவிழாவில ஜன்னல்ல யார் பணம் வாங்கினாங்க, யாரை வச்சுப் போத்தல் குடுத்தாங்கன்னு சத்தியம் பண்ணிச் சொல்லப்போறேன்.”

தியாகம் என்று சொல்கிறவர் கிண்ணத்தை மூக்கிலிருந்து எடுக்க மறந்திருந்தார். ஹாலிஸ் ஐயா என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். ஆணைய ரகசியம் காப்பதாக நான் உறுதிமொழி எடுத்ததை நினைவுபடுத்தினார். இது வரலாற்றுக்குச் செய்கிற துரோகம் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “தோத்துட்டா உன் தம்பி மூணு வருஷம் உள்ளே போவான், கண்ணு. அதை யோசிச்சியா?” என்றார்.

யோசித்திருந்தேன். வேறு எதையும் யோசிக்க முடியாத அளவுக்கு யோசித்திருந்தேன்.

“அவன் யோசிச்சுட்டான்,” என்றேன்.

மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். முன்வரிசையைத் தாண்டும்போது அம்மாவின் மடியில் அந்தக் கிண்ணம் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஷெரிஃப் வழியில் நின்றிருந்தார். நகருங்க என்றேன். நகர்ந்தார். பின்னால் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அது அம்மாவுடையதா வேறு யாருடையதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.